பானை ஓட்டில் ஒரு பெயர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்கள், "நம்ம பக்கம் என்ன இருக்கிறது, வானம் பார்த்த பூமிதானே!" என்று பெருமூச்செறிவது வழக்கம். மழை பொய்த்தால் குண்டாறு மணற்பரப்பாகிவிடும். தறியும் பஞ்சாலையுமே பல இல்லங்களில் உலையேற்றுகின்றன. இத்தகைய உழைப்பாளி மக்களுக்கும் வரலாறு உண்டோ என்னும் வினாவைத் தாங்கியவர்களாய், பங்குக் குடும்பங்கள் சிலவற்றுடன், ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் கீழடி அருங்காட்சியகம் காணப் புறப்பட்டோம்.

பேருந்தில் நம் அருகே அமர்ந்திருந்தவர் ஒரு நெசவாளர். "மகளுக்குப் பத்தாவது முடியப்போகுது. அடுத்து மில்லுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன் சாமி. நெசவாளி வீட்டுக்கு எழுத்து எதுக்கு?" என்றார். முன் இருக்கையில் இருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கடன் சுமையை அறிந்த நாமும் உடனே மறுமொழி கூற இயலாது வாளாவிருந்தோம்.

காரியாபட்டி வழியே வடக்கே சென்று, மதுரையை ஒட்டிக் கிழக்கே திரும்பி, இராமேசுவரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் கீழடி. அங்கே தென்னந்தோப்பின் அடியில் புதைந்திருந்த பழைய குடியிருப்பை 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கிற்று. 2017-18 முதல் தமிழகத் தொல்லியல் துறை அப்பணியை ஏற்றது. கிடைத்த பொருள்களுக்கென, செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் எழுப்பப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

மன்னரின் மணிமுடியைத் தேடிச் செல்பவர் அங்கே ஏமாற்றமே அடைவர். கண்ணிற் படுவன பானைகள், பகடைக்காய்கள், தந்தச் சீப்பு, சூதுபவள மணிகள், சுடுமண் பொம்மைகள். வைகைக்கரையில் வாழ்ந்தும் அம்மக்கள் சுடுமண் உறைகளை அடுக்கிக் கிணறு அமைத்திருந்தனர். குடத்துடன் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய நம் பெண்கள் அந்த உறைகிணற்றைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டனர்.

நெசவுப் பொருள்களின் முன் வந்ததும் அந்த நெசவாளரின் நடை நின்றது. நூல் நூற்கும் தக்களி, கூர்முனையுடைய எலும்புக் கருவி, செப்பூசி ஆகியவற்றைக் குனிந்து நோக்கினார். "இது நம்ம வேலையில்ல!" என்று வியந்தார். 2019இல் வெளியான தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை, இப்பொருள்களைக் கொண்டே அங்கு நெசவுத் தொழில் நடந்ததென்று கூறுகிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்று அமெரிக்காவில் ஆய்வு செய்யப்பட்டு, கி.மு. 580ஆம் ஆண்டைச் சார்ந்ததெனக் கணிக்கப்பட்டதாகவும் அவ்வறிக்கையில் காண்கிறோம்.

அடுத்து, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள் 56 என அதே அறிக்கை கணக்கிடுகிறது. ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் அவற்றுள் உள்ளன.

"பேர் எழுதினவன் ராசாவா சாமி?" என்றார் நெசவாளர்.

"ராசாவுக்குப் பானையில் பேர் எழுதுகிற வேலை எதற்கு? பானைக்குச் சொந்தக்காரர் எழுதியிருப்பார். எழுத்தின் அமைப்பு ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், பலர் கைப்பட எழுதியவை இவை என்கிறார்கள்" என்றோம்.

அவர் வாய் திறக்கவில்லை. அவர் மகளோ கையோடு கொணர்ந்த நோட்டில் அவ்வெழுத்துகளை ஒவ்வொன்றாய் வரைந்துகொண்டிருந்தாள். புறப்படும் நேரமாயிற்று என்று நாம் அழைத்தபோது, "இருங்க சாமி, பிள்ளை எழுதி முடிக்கட்டும்" என்று தடுத்தவர் அத்தந்தையே.

நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கிடைத்துள்ளன. எனவே நம் பக்கம் ஒன்றுமில்லை என்று இனி யாரும் சொல்லவேண்டா. உழும்போது பழைய ஓடோ தாழியோ தென்பட்டால் உடைத்தெறியாது, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள்.

திரும்பும் வழியில் மில்லைப் பற்றி அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. ஊர் வந்து இறங்கியபோது மகளிடம், "அந்த நோட்டைப் பத்திரமா வை" என்று மட்டும் சொன்னார். அவர் முடிவு என்னவென்பதைப் பள்ளி திறக்கும் நாளில் அறிவோம். நல்ல முடிவாய் அமைய, பங்கு மக்களாகிய நாமும் அக்குடும்பத்தின் சுமையில் ஒரு கை கொடுக்கவேண்டும்.