காசு வந்திருக்கும், பதறாதே

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்,
5.10.2025, ஞாயிறு

அடி வாயாடி,

இன்று காலை உன் போனில் 5,000 ரூபாய் விழுந்திருக்கும். எவனோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டான், இனி போன் போட்டு மிரட்டப்போகிறான் என்று பதறாதே. அனுப்பினது நான்தான். கூப்பிட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். இதை நிறுத்தாமல் சொல்லி முடிக்கணும். அதனால் பையனுடைய ரஃப் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. என் தாலிச் சங்கிலி கழுத்துக்கு வந்துவிட்டது. ‘அது எப்போடி போச்சு?’ என்பாய். நாலு வருஷமாச்சு. மாமனார் ஆபரேஷனுக்கு 70,000-க்கு வைத்தது. அன்றிலிருந்து மஞ்சள் கயிறுதான். போன வருஷம் கோயிலில் பார்த்த உங்கம்மா, “பெங்களூரு போயும் மஞ்சக்கயித்த விடல பாரு, இதான் குடும்பப் பொண்ணு” என்று நாலு பேர் முன்னால் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

கதை 2023 ஜூன் 11-ல் ஆரம்பிக்கிறது. தேதி மறக்காது, ஏனென்றால் அன்றைக்குத்தான் இங்கே பெண்களுக்குப் பஸ் இலவசம் வந்தது. சக்தி திட்டம் என்று பேர். எங்கள் வட்டாரத்தில் பாதிப்பேர் மறுவாரமே தர்மஸ்தலா, குக்கே என்று கிளம்பிவிட்டார்கள். சமைக்க ஆளில்லாமல் ஆம்பிளைகள் பேக்கரி வாசலில் காரா பன்னோடு நின்றார்கள். எனக்கு அந்த மாதம் பஸ் பாஸ் காசு 1,050 மிச்சம். ராத்திரி சாப்பிடும்போது, “இந்த ஆயிரத்தை என்ன பண்ணலாம்?” என்று சும்மா கேட்டேன். இவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே” என்றார்.

கிரெடிட் கார்டில் 62,000 நிற்கிறதாம். கூட வேலை செய்கிறவரிடம் கைமாற்று 15,000. நான் பத்ரகாளி ஆகியிருக்கணும். ஆக முடியவில்லை, ஏனென்றால் மகளிர் குழுவில் எடுத்த லோன் பாக்கி 38,000 இவருக்குத் தெரியாமல் என் தலையில் இருந்தது. வாராவாரம் 650. ஒரே ரூமில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு கடனைத் தலையணைக்கடியில் வைத்திருந்திருக்கிறோம், பாரேன். நகைக்கடனோடு கூட்டினால் 1,85,000. பையனுடைய ஸ்லேட்டில்தான் கூட்டினேன். அழித்து அழித்து மூன்று தடவை கூட்டினாலும் அதேதான் வந்தது.

கார்டு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். உன் வீட்டுக்காரரும் ஒன்று வாங்கியிருக்கிறாராமே, காதுக்கு வந்தது. மாதாமாதம் ‘மினிமம் ட்யூ’ என்று 3,100 கட்டிவந்தார் இவர். ஒழுங்காகத்தானே கட்டுகிறோம் என்று ஒரு நிம்மதி வேறு. நான் ஸ்டேட்மென்ட்டை விரித்துவைத்துப் பார்த்தேன். வட்டி நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய். 62,000-க்கு 2,170. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., இன்னொரு 390. ஆக, 3,100 கட்டினால் கடனில் குறைவது 540 ரூபாய்கூட இல்லை. கட்டின கையோடு 25-ம் தேதி வாக்கில் அதே கார்டில் மளிகை வாங்குவோம். அந்த மளிகைக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி; பழைய பாக்கி நிற்கிறவரை 45 நாள், 50 நாள் சலுகையெல்லாம் கிடையாது. நம்மூரில் மூன்று ரூபாய் வட்டிக்குக் கொடுக்கிறவனைக் கந்துவட்டிக்காரன் என்று திண்ணையில் ஏற்றமாட்டார்கள். இங்கே மூன்றரை ரூபாய் வட்டியைப் பளபளவென்று அட்டையில் பேர் பொறித்துக் கொடுத்தால் பர்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

அடுத்து நான் செய்த காரியத்துக்கு மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. மிச்சமிருந்த இரண்டு பவுன் வளையலையும் கொண்டுபோய் வைத்தேன். “கடனை அடைக்கிறேன்னு சொல்லிட்டு மேல மேல அடகு வைக்கிறாளே” என்று ஊரெல்லாம் சொன்னார். பவுன் அப்போது 44,000 சுமார். வளையலுக்கு 62,000 கொடுத்தார்கள். கார்டை முழுசாக அடைத்தேன். நகைக்கு வட்டி ஒரு ரூபாய், மாதம் 620. கார்டுக்கு 2,560 அழுதுகொண்டிருந்தோம். கடன் ஒரு பைசா குறையவில்லைதான், ஆனால் மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் கையில் நின்றது. இதை மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது? நகை போவது நாலு பேர் கண்ணுக்குத் தெரியும். வட்டி போவது யார் கண்ணுக்குத் தெரிகிறது!

கார்டைக் கார்மென்ட்ஸில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்திரியால் வெட்டினேன். வெட்டுப்படவில்லை. கடைசியில் இவர்தான் பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொண்டு வந்தார்.

எதை முதலில் அடைப்பது என்று ஒரு சண்டை. வட்டியில்லாத கைமாற்று கடைசியில் இருக்கட்டும் என்றேன் நான். கணக்குப்படி அதுதான் சரி. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த 15,000 வாங்கின நாளிலிருந்து அந்த ஆள் சொல்லும்போதெல்லாம் இவர் நைட் ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்திருக்கிறார். டீக்காசு இவர். கேன்டீனில் அந்த ஆள் ஜோக்கடித்தால் முதலில் சிரிக்கிறது இவர். வட்டியில்லாக் கடனாம்! அதையே முதலில் அடைத்தோம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்கின மனுஷன் காலையில் பத்து வயசு குறைந்து எழுந்தார்.

சரி, செலவுக் கதைக்கு வருகிறேன். நான் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் என்று தெரியுமே உனக்கு. சட்டையில் தையல் விட்டிருந்தால், கறை இருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவோம். அந்த ஸ்டிக்கரில் ஒரு தாள் வீட்டுக்கு வந்தது (யாரிடமும் சொல்லித் தொலைக்காதே). ஒரு நோட்டுப் போட்டு, கீரைக்கட்டிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். மாசக் கடைசியில் டேபிளில் நிற்கிற மாதிரியே நின்று, வீணானதுக்கெல்லாம் அம்பு ஒட்டினேன். 41 அம்பு!

எதிலெல்லாம் ஒட்டியிருந்தது என்று பார்த்தபோதுதான் சுரீரென்றது. அரிசி, பருப்பில் ஒன்றுகூட இல்லை. எஸ்வந்த்பூர் யார்டில் மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். வயிறு கேட்கிறதை எவ்வளவு குறைக்கமுடியும்? அம்பெல்லாம் வேறு இடத்தில். முன்பின் தெரியாத சூப்பர்வைசர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 1,000 மொய். பையன் பிறந்தநாளுக்கு எதிர்வீட்டில் ஹாலில் வைத்தார்கள் என்று நாங்களும் ஹோட்டலில் கேக். வரமகாலட்சுமிக்குப் புதுப்புடவை, ஏனென்றால் போன வருஷப் புடவையைப் போட்டோவில் பார்த்திருப்பார்கள். பார்த்தால் என்ன ஆகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் சாப்பிட்டுக் கடனாளியாகவில்லை. மற்றவர் கண்ணுக்குப் படையல் போட்டுக் கடனாளியாகியிருக்கிறோம்.

வரமகாலட்சுமி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் லட்சுமிக்குப் பக்கத்தில் ரூபாய் நோட்டை விசிறி விசிறியாக மடித்து அலங்காரம் பண்ணுவார்கள். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் அத்தனையும் புது 500. எல்லாரும் வாயைப் பிளந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் தண்ணீர்க் கேனோடு போகிறேன், தண்டல்காரர் அந்த வீட்டு வாசலில் நின்று விசிறியைப் பிரித்துப் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்! ஒரு நாள் வாடகைக்கு லட்சுமி.

சலுகைகளை நான் ஒன்றும் விடவில்லை. பஸ் சொன்னேனே. கரன்ட்டுக்கும் 2023 ஆகஸ்ட்டில் இருந்து ஜீரோ பில். இருநூறு யூனிட் என்று பேரே தவிர, முந்தைய வருஷத்துச் சராசரிக்கு மேல் பத்து சதவீதம்தான் அளவு. அதனால் மாமியார் வந்தால் ஹீட்டருக்கு மட்டும் காவல் இருப்பேன். மாதம் 2,000 கொடுக்கிற கிருகலட்சுமி எனக்குக் கிடையாது. அதற்கு இந்த ஊர் ரேஷன் கார்டு வேண்டும். எங்கள் கார்டு தர்மபுரியிலேயே இருக்கிறது. அந்தக் கார்டுக்குத் தமிழ்நாட்டு மகளிர் உரிமைத்தொகை 1,000 வருகிறது, அது மாமியாருக்கு. கரன்ட் பில் போக, இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் என் கையில் விழுந்தது பஸ் டிக்கெட் மட்டும்தான். அதையாவது முழுசாக அனுபவிக்கலாம் என்று ஒரு தடவை ஊருக்கே அப்படிக் கிளம்பினேன். அத்திப்பள்ளி வரை காசில்லாமல், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஓசூர், ஓசூரில் பஸ். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வந்து சேரவில்லை. வழியில் தின்ற போண்டா, குடித்த ஜூஸ் எல்லாம் கூட்டினால் நேர் பஸ் டிக்கெட்டைவிட 12 ரூபாய் அதிகம். நோட்டில் அதற்கும் அம்பு ஒட்டியிருக்கிறேன்.

குழு லோனுக்கு வருகிறேன். இந்த வருஷம் பிப்ரவரியில் இங்கே மைக்ரோ ஃபைனான்ஸ் அடாவடிக்கு எதிராக அவசரச் சட்டம் வந்ததே, படித்திருப்பாய். மிரட்டி வசூலித்தால் பத்து வருஷம் வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம். அன்று சாயங்காலம் எங்கள் குழுத் தலைவி, “சால எல்லா மன்னா ஆய்த்து!” என்று கேசரிபாத் கிண்டிச் சந்து முழுக்கக் கொடுத்தாள். கடனெல்லாம் தள்ளுபடியாம்! நானும் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். இவர்தான் பேப்பரைத் தேடிப் படித்தார். பதிவில்லாமல் வட்டிக்கு விடுகிறவர்களிடம் வாங்கின கடன்தான் செல்லாது. ரிசர்வ் வங்கியில் பதிவான கம்பெனிக் கடன் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வசூல்காரர் பைக்கில் வந்து இறங்கினார். கேசரிபாத்துக்குச் சர்க்கரையையே கடனாக வாங்கியிருந்தாள், பாவம்.

என் பாக்கியை அதற்கு முந்தின தீபாவளி போனஸிலேயே மொத்தமாக முடித்துவிட்டேன். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டு என்று குழுவில் பயமுறுத்தினார்கள். அதெல்லாம் இல்லை, மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு அப்படி வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உனக்குத் தெரிந்தவர் யாராவது மாட்டியிருந்தால் சொல்.

எல்லாம் நேர்க்கோட்டில் போனதென்று நினைக்காதே. நடுவில் பையனுக்கு டெங்கு. இரண்டு மாதம் நோட்டையே திறக்கவில்லை. இந்த வருஷம் மெட்ரோ டிக்கெட் விலை ஏறியது, ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு நாலு ரூபாய் ஏறியது. காபியை நிறுத்தலாம் என்றார் இவர். ‘வேண்டுமானால் உங்களை நிறுத்துகிறேன்’ என்றேன். இழுத்துப் பிடித்து மாதம் சராசரி 8,000 கட்டினோம். 27 மாதம். வளையல் சித்திரையில் வந்தது. சங்கிலி போன திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமையை உனக்கு அப்படியே காட்டணும். கவுன்டர் பையன் அரக்கு வைத்த கவரைக் கிழித்துச் சங்கிலியைத் தராசில் போட்டான். நாலு வருஷம் மடங்கிக் கிடந்ததில் கொக்கி பக்கம் ஒரு முறுக்கு. நான் விரலால் நீவிக்கொண்டிருக்கிறேன், அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, “மேடம், பவுன் இப்ப 85,000 தாண்டிடுச்சு. இதே சங்கிலிக்கு ஒண்ணேமுக்கால் லட்சம் வரை வரும், போட்டுடலாமா? அஞ்சு நிமிஷம்” என்றான்.

ஒண்ணேமுக்கால் லட்சம்! ஸ்லேட்டில் மூன்று தடவை கூட்டினேனே, கிட்டத்தட்ட அதே தொகை. 27 மாதம் பல்லைக் கடித்து அடைத்தது ஐந்து நிமிஷத்தில் திரும்பி வரத் தயாராக நிற்கிறது, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லமாட்டேன், இரண்டு பேருக்கும் ஒரு நொடி கண் மின்னியது. ஒரு ஸ்கூட்டர் வந்து போனது அந்த நொடியில். சங்கிலியை அங்கேயே, முறுக்கோடு, கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மஞ்சள் கயிற்றையும் கழற்றவில்லை. இரண்டும் கிடக்கிறது.

புதன்கிழமை ஆயுத பூஜை. பீன்யாவை அன்றைக்குத்தான் பார்க்கணும் நீ. மற்ற நாளெல்லாம் இரும்பு தேய்க்கிற சத்தமும் கூலன்ட் வாடையுமாகக் கிடக்கிற சந்துகள், மெஷினுக்கெல்லாம் எண்ணெய் துடைத்துச் சந்தனம் பூசி, வாசலெல்லாம் வாழைக்கன்று, ரோடெல்லாம் உடைத்த பூசணி. இவர் போனஸ் கவரும் பொரிகடலையும் ஸ்வீட் பாக்ஸுமாக வந்தார். கவரை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கடன் பக்கம் முழுக்க அடித்தாயிற்று.

அப்போதுதான் சொன்னேன், இதில் எழுதாதது ஒன்று இருக்கிறது என்று.

2022-ல் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், பஸ் நகர்கிறபோது ஜன்னல் வழியாகக் கைக்குட்டையில் சுருட்டிக் கொடுத்தாயே, 5,000. “எண்ணாதே, போ” என்றாய். நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்டில் ஏறியிருக்கும். கேட்காததால் உன் போன் வரும்போதெல்லாம் எடுக்கக் கை வரவில்லை. டீக்காசு கொடுத்து, முதலில் சிரித்து, நைட் ஷிஃப்ட் பார்க்கிறார் என்று இவரைத் திட்டினேனே, நான் செய்தது அதைவிட மோசம்.

உன் தங்கச்சி கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. மொய் வைக்கக் காசில்லை, வெறும் கழுத்தோடு உன் சொந்தக்காரர்கள் நடுவில் நிற்கவும் தைரியம் இல்லை. அன்று முழுக்க இங்கே ஓ.டி. பார்த்தேன். மேளம் கொட்டுகிற நேரத்தில் சட்டைக் காலருக்கு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது திட்டு. போன் போட்டே திட்டு, எடுக்கிறேன். தங்கச்சிக்கு இப்போது எத்தனையாவது மாதம்? வளைகாப்புக்கு வருகிறேன், நேர் பஸ்ஸில். மொய் 200-தான், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. கணக்கு என்று வந்தபிறகு சொல்லாமல் விடமுடியாது. என் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் தூக்கு, பேர் வெட்டினது, பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கல் எடுத்துப்போனாயே, அது உன் வீட்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறது.

உன்,
சோடாபுட்டி