நிலையான முகவரி

கல்லூரியில் சேர வந்த அன்று எனக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ‘தற்போதைய முகவரி’, மற்றொன்று ‘நிலையான முகவரி’. முதற் கட்டத்தில் விடுதி என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர் முதுகைத் தட்டினார். அவசரம் அவசரமாகக் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் தாய்மாமன் வீட்டு முகவரியை எழுதினேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று போட்டேன். இரண்டும் முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அந்த இரண்டு வரிகளும் இரண்டு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தமிழ்த் துறைப் பேராசிரியர் கேட்டபோது, வேறு பொருள் எதுவும் என் மனத்தில் ஓடவில்லை.

நண்பர்களே, என் அப்பா ஆட்டுப்பட்டி போடுகிறவர். நாங்கள் குறும்பர். வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளியில் படித்தது தமிழ். 140 செம்மறி ஆடுகள், இரண்டு நாய்கள், ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி, நைலான் வலை, மூங்கில் முளைகள், குட்டிகளை அடைக்க ஒரு கூடு, ஒரு தார்ப்பாய், இரண்டு கம்பளி, சமையலுக்கு நான்கு பாத்திரம். இவ்வளவுதான் எங்கள் வீடு. ஆடுகள் கறுப்பு நிறம். கால்நடைத் துறையினர் ‘திருச்சி கருப்பு’ என்று பெயரிட்டிருக்கும் இனம். கம்பளி இரண்டும் அந்த ஆடுகளின் மயிரில் நெய்தவைதாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாட்டி இருந்தவரை சுவர் வைத்த வீடு ஒன்று இருந்தது. பாட்டி போன மறு ஆண்டு மழையில் சுவர் விழுந்தது. எடுத்துக் கட்ட ஆளில்லை. அந்தக் கதவு எண் இன்றும் ரேஷன் அட்டையில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பட்டியோடு நடக்க, நான் மாமன் வீட்டில் இருந்து படித்தேன்.

அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் இரவில் ஆடுகளை அடைப்பதுதான் பட்டி. தெற்கே இதைக் கிடை என்பார்கள். ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். தொழுவத்தில் கட்டிய ஆட்டின் மூத்திரம் பெரும்பாலும் வீணாகிவிடும். பட்டியில் அது நேரே மண்ணில் இறங்கும். அதற்காக நிலத்துக்காரர் எங்களுக்குக் கூலி தருவார். முன்பு ராகியாகவும் அவரையாகவும் அளந்தார்கள், இப்போது பணம். எங்கள் மந்தைக்கு ஓர் இரவுக்கு 300 ரூபாய் வரை கிடைக்கும். தை மாதம் ராகி அறுத்த மேட்டு நிலங்கள், பிறகு கீழே இறங்கி அணைப் பாசனத்து நெல் வயல்கள், வைகாசியில் ஆடி விதைப்புக்குக் காத்திருக்கும் மானாவாரிக் காடுகள் என்று ஆண்டு சுற்றி வரும். ஆக, எங்கே தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்பதே அப்பாவின் வாழ்நாள் கேள்வி.

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரை அந்த எண்ணத்தைக் கலைத்தது. அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீட்டிலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் அவர்கள் அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரைச் சுற்றிக் கூடுகிறார்கள். அங்கே அரசு நிலத்தில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்தான் தங்கலாம். நீண்ட நாள் தங்குவோருக்காக 1983 இல் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. லா போசா என்பது அவற்றுள் ஒன்று. ஒரே ஒரு சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் இருக்கலாம். தண்ணீர் பிடிக்க இடம் உண்டு, கழிவு கொட்டவும் இடம் உண்டு. படித்ததும் எனக்கு ஒரே வியப்பு. அடுத்த விடுமுறையில் அப்பாவிடம் இதை விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தங்கறதுக்கு அவங்க காசு குடுக்கறாங்களா? ஏன், அவங்ககிட்ட ஆடு இல்லியா?” என்றார்.

சென்ற ஆண்டு மே மாதம் அந்தச் சிரிப்பு எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

சூளகிரிக்கு அருகே நான்கு ஏக்கர் நிலம். பதினோரு ஆண்டுகளாக வைகாசியில் எங்கள் பட்டி அங்கேதான். மந்தை வந்து சேர்வதற்கு நான்கு நாள் முன்னதாக, இடத்தைப் பார்த்து வருவோம் என்று நானும் அப்பாவும் வண்டியில் போனோம். நிலம் முழுவதும் மஞ்சள் பூசிய கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஓர் எண். நடுவே செம்மண் பாதை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தக் கற்களைப் படிக்கத் தெரிந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னார். நிலத்துக்காரர் மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது. பிறகு சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று பரவியது. விற்காதவர் யார்? என் அக்காவும் அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள். நான் படிப்பது அவள் அனுப்பும் பணத்தில்.

மூன்று நாள் சுற்றினோம். இடம் பார்ப்பதில் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தண்ணீர். பிறகு மேடா பள்ளமா என்று பார்ப்பார். பள்ளத்தில் ஒரு மழை பெய்து தேங்கினால் ஆட்டின் குளம்பு அழுகும். அடுத்தது பாதை. நின்ற பயிரில் வாய் வைக்காமல் 140 ஆடுகளைக் கொண்டுபோக வழி வேண்டும். கடைசியாகப் பக்கத்துத் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள், அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பார். அந்தக் கேள்வியை மட்டும் இரண்டு பேரிடமாவது கேட்காமல் விடமாட்டார்.

ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்கள், அவற்றைச் சுற்றி வேலி. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி, சொட்டு நீர்க்குழாய், மண்ணின் மேல் விரித்த பிளாஸ்டிக் தாள். ஆட்டுக் குளம்பு பட்டால் தாள் கிழிந்துபோகும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் நிலத்தைக் காலியாகவே விடுவதில்லை. ஓர் ஊரில் ஒருவர் இடம் இருக்கிறது என்றார். அப்பா கூலி பேசினார். “ஏம்ப்பா, உன் ஆடு பகலெல்லாம் எங்க ஊர்லதானே மேயுது? நீதான் எனக்குக் குடுக்கணும்” என்றார் அவர். அப்பா சிரித்தார். “சரிங்கண்ணா, பாத்துட்டுச் சொல்றேன்” என்று வந்துவிட்டார். அதற்குப் பிறகு பட்டி வந்து சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நிலத்தில் தங்குவதற்கு அப்பாவிடம் ஒருவர் வாடகை கேட்டது அதுதான் முதல் தடவை.

அஞ்செட்டிக் காட்டோரம் போகலாமே என்று சிக்கப்பா சொன்னார். (சித்தப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.) அதுவும் பழைய நாள் பேச்சு. காடுகளில் கால்நடை மேய்ப்பது பற்றி 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. முதலில் எல்லாக் காட்டுக்கும் தடை, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அது திருத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நம் மாவட்டக் காடும் தருமபுரி மாவட்டக் காடும் சேர்ந்து காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. யானைக்கும் புல் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. தொழிற்சாலையும் ஒரு பக்கம் சரி, காடும் ஒரு பக்கம் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவே என் அப்பா ஆட்டை எங்கே மடக்குவார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஐந்து இரவு ஓர் ஏரியின் புறம்போக்கில் கிடந்தோம். சினை ஆடுகள் ஈனும் நேரம். நான்காம் இரவு கோடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். பிறந்து ஒருநாள் ஆன குட்டிகள் இரண்டு விறைத்துப்போயின. அப்பா அவற்றைக் கரையில் புதைத்துவிட்டு வந்து, “வித்துடலாமா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா விடை சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தாள், விறகு ஈரம்.

மறுநாள் சிக்கப்பாவின் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பர்கூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், ஆடியில் ராகி விதைக்க வேண்டும், 27 இரவு பட்டி போட முடியுமா என்று ஒருவர் கேட்டார். இரண்டு நாள் நடையில் போய்ச் சேர்ந்தோம். நிலத்துக்காரர் நல்ல மனிதர். “பையன் என்ன பண்றான்?” என்று அப்பாவைக் கேட்டார். “காலேஜ்ல படிக்கறான்” என்று அப்பா பெருமையோடு சொல்ல, எந்தக் கல்லூரி என்று அவர் கேட்பதற்குள் நான் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். வண்டியில் ஒட்டியிருந்த நம் கல்லூரி அடையாளச் சின்னத்தை அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

பயந்ததுதான் நடந்தது. மறுநாள் காலை பால் பாத்திரத்தோடு வந்தவன் என் வகுப்புத் தோழன். நான் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு குனிந்து முளை பிடுங்கிக்கொண்டிருந்தேன். “டேய், நீயா?” என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. அவன் பாத்திரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து மறுமுனையில் இருந்த முளையைப் பிடுங்கத் தொடங்கினான். தப்பாகப் பிடுங்கினான், வலை சிக்கிக்கொண்டது.

ஏன் 27 இரவு என்று கேட்டான். எங்கள் பட்டி 40 அடிக்கு 40 அடி. 1,600 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்தால் 27 வரும். தினம் வலையை நகர்த்தி, ஓர் ஏக்கரை முழுவதும் மிதித்து முடிக்க அவ்வளவு நாள். அவனுடைய அப்பா மூன்று ஏக்கரில் மிகவும் சாரமற்ற ஓர் ஏக்கரைத்தான் எங்களுக்குக் காட்டியிருந்தார். அந்த நேரம் அப்பா அவரிடம், “ஈரம் காயறதுக்குள்ள மேலா ஒரு உழவு ஓட்டிடுங்கண்ணா, இல்லேன்னா சத்தெல்லாம் காத்துல போயிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தோழனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யூரியா சிதைந்து அம்மோனியாவாகி வெளியேறுவதை முந்தைய பருவத்தில்தான் இருவரும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருந்தோம். மூட்டையில் வரும் யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம் என்பதும் அப்போது படித்ததே. ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் அதே யூரியாதான் என்பது அந்தக் காலை வரை என் மூளையில் உறைக்கவில்லை. அப்பாவின் மூக்குக்கு அந்த அம்மோனியா நெடுநாளாகத் தெரிந்திருக்கிறது.

“ஏன்டா சொல்லல?” என்று போகும்போது கேட்டான். இன்றுவரை அவன் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. இதோ, நானே சொல்லிவிட்டேன்.

தை மாதம் அவன் அப்பா மீண்டும் அழைத்தார். ராகி நன்றாகக் கட்டியதாம், வரும் வைகாசியில் இரண்டு ஏக்கர் வேண்டுமாம். 54 இரவு. ஆடுகளை விற்கும் பேச்சு அதுவரை தள்ளிப் போயிருக்கிறது. சிக்கப்பா மட்டும் தம் பங்கு ஆடுகளை விற்றுவிட்டு ஓசூரில் காவலர் வேலைக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் பட்டிக்குப் போயிருந்தபோது, விண்ணப்பத்தில் எழுதியதை அப்பாவிடம் சொன்னேன். தொழிலை மாற்றி எழுதியதையும் சொன்னேன். வலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“மாமா வீட்டு அட்ரஸா எழுதுன?”

“ஆமாம்ப்பா.”

“நல்லதுதான். கடுதாசி வந்தா தொலையாது.” வலையின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். “பிடி, வெயில் ஏறுது.”