பல்லாவரத்துக் கல், கல்கத்தா பெயர்

கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. இந்நகரை நிறுவியவர் அவரல்ல என்று 2003இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பல்லாவரத்துக்காரனான எனக்கு அவரைவிட அவர் பெயர் பொறித்த கருங்கல்மீதுதான் அக்கறை. அது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893இல் இவ்வகைப் பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் சூட்டினார்.

இந்தக் கல்லிடம் நிறத்தை நம்பி ஏமாறக் கூடாது. கிரானைட்டில் இருப்பது போலவே இதிலும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும்தான் அதிகம். ஆனால் குவார்ட்ஸ் நீலச் சாம்பலாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். மொத்தக் கல்லும் கறுத்துத் தெரியும். கத்தியால் கீறினால் குவார்ட்ஸில் தடம் விழாது. அதுவோ கண்ணாடியைக் கீறிவிடும்.

அடையாளம் காட்டிக்கொடுப்பது ஹைபர்ஸ்தீன் என்னும் கருங்கனிமம். பார்வைக்கு ஹார்ன்பிளெண்ட் போலிருக்கும். ஆனால் ஹார்ன்பிளெண்ட் சாய்கோணத்தில் பிளக்கும். இது ஏறக்குறையச் செங்கோணத்தில். சந்தேகம் தீரவில்லையா? 0.03 மில்லிமீட்டர் சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் முனைவாக்கிய ஒளியில் சுழற்றுங்கள். இளஞ்சிவப்பு பச்சையாக மாறும்.

இத்தனைக்குப் பிறகும் பிறப்பு பற்றிய வழக்கு ஓயவில்லை. உருகிய குழம்பு இறுகிய பாறை என்றார் ஹாலண்ட். ஆழத்தில் வெந்து உருமாறியது என்கிறார்கள் பின்வந்த பலர். இரு வழியிலும் உண்டாகும் என்பாரும் உண்டு. பெயர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை: பல்லாவரம் என்றே வைத்திருக்கலாம்.