எண்ணிப் பார்த்த விதி

வெப்பவியக்கவியலைக் கற்கப் புகும் மாணவன் முதலிற் சந்திப்பது நீராவி எந்திரத்தையே. வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலையைப் பெறலாம் என்ற வினாவை 1824இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் கானோ ஆராய்ந்தார். அவ்வழியே சென்ற கிளோசியசு 1865இல் 'எந்திரப்பி' எனும் கணியத்துக்குப் பெயரிட்டார். தனிமையாக்கப்பட்ட தொகுதியில் எந்திரப்பி குறைவதில்லை என்பது இரண்டாம் விதி. முதலாண்டில் இவ்விதியைக் கொண்டு கணக்குகள் பல செய்தேன். எனினும், கட்டளையைக் கேட்டேனேயன்றி அதன் காரணத்தைக் கேட்டிலேன் என்ற குறை மனத்தில் நின்றது. நியூற்றனின் இயக்க விதிகள் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினும் பொருந்துவன. அவ்வாறாயின், ஆறிய தேநீர் ஏன் தானாகச் சூடேறுவதில்லை?

புள்ளிவிபரப் பௌதிகவியலைக் கற்றபோதே இதற்கு விடை கிடைத்தது. பெட்டியொன்றில் நூறு மூலக்கூறுகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் இடப்பாதியிலோ வலப்பாதியிலோ இருக்கலாம். நூறும் ஒருங்கே இடப்பாதியில் அமையும் நிகழ்தகவு, இரண்டின் நூறாம் அடுக்கில் ஒரு பங்கு. அவ்வடுக்கு, 1ஐ அடுத்து முப்பது சுழியங்களைக் கொண்ட எண்ணிலும் பெரிது! செக்கனுக்குப் பத்து இலட்சம் தடவை வீதம், பிரபஞ்சத்தின் வயதாகிய ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளும் பார்த்திருப்பினும், அக்காட்சியைக் காணும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்றுகூட இல்லை. நாம் சுவாசிக்கும் வளியிலோ, ஒரு லீற்றரில் நூறல்ல, கோடானுகோடி மூலக்கூறுகள் உள. ஆகவே இரண்டாம் விதி இயற்கையின் தடையுத்தரவன்று. எண்ணிக்கையின் பெருமிதமே அது. எந்திரப்பியை 'ஒழுங்கின்மை' என்று மட்டும் மனனஞ் செய்வோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படாது. ஒரு நிலை எத்தனை வழிகளில் அமையலாம் என எண்ணுவோர்க்கே அது புலப்படும்.

இத்தொடர்பை 1877இல் நிறுவியவர் போல்ற்ஸ்மன். அணுக்கள் உண்டென்பதையே மாக் முதலிய அறிஞர் ஏற்காத காலம் அது. நோயாலும் மனத்தளர்ச்சியாலும் வருந்திய அவர் 1906இல் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1908 முதல் பெரன் நடத்திய பரிசோதனைகள் அணுக்களின் உண்மையை ஐயமற நிலைநாட்டின. வியன்னாவிலுள்ள அவரது கல்லறையில் எந்திரப்பிச் சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது.

தனியொரு மூலக்கூறின் போக்கை அறியாமலே, அவற்றின் பெருங்கூட்டத்தைப் பற்றி உறுதியாகப் பேச இப்பாடம் கற்பிக்கின்றது. பரீட்சைக்காக இச்சமன்பாட்டை எழுதுவோர் பலர். ஒருமுறையேனும் அவ்வழிகளைத் தம் கையால் எண்ணிப் பார்ப்பாராயின், விதிக்குப் பணிவதற்கும் அதனை உணர்ந்து ஏற்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர் அறிவர். பல்கலைக்கழகக் கல்வியின் பயன் அதுவே என எண்ணுகிறேன்.