உச்சி வெயிலில் ஒரு முகம்

வெளியில் படம் எடுக்கப் பழகுகிற எல்லோருக்கும் கிடைக்கிற முதல் அறிவுரை ஒண்டுதான்: "உச்சி வெயிலில் எடுக்காதே, காலமை எடு, இல்லாட்டிப் பின்னேரம் எடு." நல்ல அறிவுரைதான். ஆனால் எங்கட சனம் ஒண்டாச் சேருறது எப்ப? கோயில் அன்னதானம் மத்தியானம். கலியாண வீட்டுக் குறூப் படம் சாப்பாட்டுக்கு முதல். வெயில் தாழுமட்டும் ஆரும் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கமாட்டினம்.

அதோட எங்கட வெயிலும் வேற மாதிரி. யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டிலிருந்து 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கு. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர தலைக்கு மேல நிற்கும். ஓகஸ்ட் எண்டால் நல்லூர்த் திருவிழாக் காலம். வெள்ளை மணல், வெள்ளை வேட்டி, அதுக்கு நடுவில நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கி, கண் ரெண்டும் குழிக்குள்ள இருண்டுபோன முகங்கள். பின்னேரத்துப் பொன் வெளிச்சத்தை நம்பலாம் எண்டால் அதுவும் கனநேரம் நிக்காது. இங்க சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தா இறங்குது, மணிக்கு 15 பாகை. கடைசி 6 பாகை இறங்க 25 நிமிசம் வரைதான்.

அப்ப இந்த வெயிலோடதான் நாங்கள் வேலை செய்யவேணும்.

கமரா ஏன் முகத்தை இருட்டாக்குது? அதுக்கு முன்னால நிக்கிறது மனுசரா மதிலா எண்டதைப் பற்றி அதின்ர ஒளிமானிக்குக் கவலையில்லை. முழுக் காட்சியையும் சராசரியாக்கி, ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால வெள்ளை மணல் எண்டால் "வெளிச்சம் கூடிப்போச்சு" எண்டு எல்லாத்தையும் இருட்டாக்கும். பின்னால அடர்ந்த வேப்பமரம் எண்டால் மறுபக்கம்: வெளிச்சத்தைக் கூட்டி வெள்ளைச் சட்டையை எரிச்சுப்போடும். எங்கட கண் ஒரே நேரத்தில விறாந்தை நிழலையும் முற்றத்து வெயிலையும் பார்க்கும். கமராவால அப்படி ஏலாது. ஏதாவது ஒண்டை விடத்தான் வேணும்.

எதை விடுறது?

"வெளிச்சமான பகுதியைக் காப்பாற்று, இருட்டைப் பிறகு கணினியில தூக்கலாம்" எண்டு கனபேர் சொல்லுவினம். கடலையும் வானத்தையும் எடுக்கேக்க அது சரி. முழுசா எரிஞ்ச வெள்ளையில திருப்பி எடுக்க ஒண்டும் இருக்காது. ஆனால் கறுத்த தோல் வெளிச்சத்தைக் குறைவாத்தான் திருப்பி அனுப்பும். நிழலில நிக்கிற எங்கட முகத்தை அவ்வளவு ஆழத்துக்குத் தள்ளிப்போட்டுப் பிறகு தூக்கினால், சாம்பல் பூசின மாதிரி, புள்ளி புள்ளியாத்தான் வரும். அதால எங்களுக்குள்ள ஒரு முடிவு இருக்கு: ஆளை எடுக்கிற படத்தில முதல் உரிமை முகத்துக்கு. வானம் வெள்ளையாப் போனால் போகட்டும்.

செய்யிறது லேசு. போனில முகத்தைத் தொடுங்கோ, ஒரு சின்னச் சூரியன் வரும், அதை மேல கீழ இழுத்துப் பாருங்கோ. கமராவில ஒரு புள்ளியை மட்டும் அளக்கிற ஸ்பொட் மீற்றரிங்கை முகத்தில வையுங்கோ. ஏலுமெண்டால் ஜேபெக்கை விட்டு ரோ கோப்பாச் சேமியுங்கோ. ஜேபெக்கில ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரோவில 16,384.

அதைவிட லேசு, ஆளை ரெண்டடி நகர்த்துறது. விறாந்தை விளிம்பு, தண்ணீர்ப்பந்தல் ஓரம், மதில் நிழல். உள்ளுக்குப் போகாமல் நிழலின்ர கரையில நிண்டு வெளிச்சப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கோ, கண் ரெண்டும் உயிரா வரும். முன்னால வெள்ளை மணல் இருந்தால் இன்னும் நல்லம்: கீழயிருந்து வெளிச்சம் தெறிச்சுக் கண் குழியை நிரப்பும். மணல் இல்லாட்டி ஒரு வெள்ளைப் பெட்சீற் காணும். மரத்துக்குக் கீழ மட்டும் கவனம். இலைக்கூடால விழுற வெயில் முகத்தில தேமல் மாதிரிக் கிடக்கும்.

சிலர் இந்தக் கரைச்சலே வேண்டாமெண்டு ஆளைக் கறுப்பு நிழலுருவா எடுத்துவிடுவினம். பண்ணையில பொழுதுபடேக்க எடுத்த அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பம்: செம்மஞ்சள் வானம், வலையோட ஒரு உருவம். வடிவுதான். ஆனால் அந்தத் தொழிலாளிக்கு ஒரு படத்திலயாவது முகம் இருக்கவேணும்.

இன்னொரு பக்கம், முகத்தை வெளுக்க வைக்கிற ஆக்கள். கலியாண அல்பத்தில மணமகளின்ர கையும் முகமும் ரெண்டு நிறத்தில இருக்கிறது எங்களுக்குப் பழகிப்போச்சு. இது எடிற்றிங்கில மட்டும் தொடங்கின கதையுமில்லை. கொடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பின 'ஷேர்லி' அட்டைகளில கனகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள். கூகுள் 'ரியல் ரோன்' எண்டு கறுத்த தோலுக்கும் சேர்த்துத் தன்ர போன் கமராவைத் திருத்தினது 2021இல்தான். ஆனால் அதுக்கெல்லாம் முதலே, கொழும்பில லயனல் வென்ட் (1900–1944) எங்கட வெயிலில மினுங்கிற கறுத்த உடம்புகளைக் கறுப்பாவே, வடிவா எடுத்து வச்சிட்டுப் போயிட்டார். போனில 'பியூட்டி' எண்டு இருக்கிறதை நிப்பாட்டிப்போட்டு அவற்ற படங்களைத் தேடிப் பாருங்கோ.

ஏன் இவ்வளவு கதைக்கிறம் எண்டால், இடம்பெயர்வில அல்பங்களைத் துலைச்ச வீடுகள் எங்கட ஊரில கன. ஒருத்தர் செத்தால் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்குப் படம் தேடுவினம். கிடைக்கிறது எங்கயோ ஒரு திருவிழாவில, பத்துப் பேருக்கு நடுவில நிண்ட படம். அதில முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வெளுக்க வச்சு, பின்னால ஒரு நீல வானத்தைப் போடுவினம். பேரப்பிள்ளைகளுக்கு அம்மம்மாவின்ர நிறம் அதுதான் எண்டு நினைவிருக்கும்.

அடுத்த கொடியேற்றத்துக்குப் போகேக்க அம்மம்மாவைப் பந்தல் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சரிபார்த்து ஒண்டு எடுங்கோ. எடுத்ததை அவவுக்குக் காட்டுங்கோ. "நான் இவ்வளவு கறுப்பே?" எண்டு கேட்பா. ஓமெண்டு சொல்லிப்போட்டு, வடிவா இருக்கிறியள் எண்டும் சொல்லுங்கோ.