குஷிமோட்டோவில் ஒரு துருக்கிக் கல்லறை

ஒசாகாவிலிருந்து தெற்கே போகும் குரோஷியோ ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். போகும்போது வலது பக்க ஜன்னல் சீட் பிடித்துக்கொண்டால் வழி நெடுகக் கடல் தெரியும். வகயாமா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது குஷிமோட்டோ. பெரும்பாலானவர்கள் கடலில் வரிசையாக நிற்கும் ஹஷிகுயிப் பாறைகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பாலத்தைத் தாண்டி ஓஷிமா தீவுக்கும் போங்கள். 1999-ல் இந்தப் பாலம் வரும் வரைக்கும் அங்கே போகப் படகுதான்.

தீவின் கிழக்கு முனையில் கஷினோசாகி கலங்கரை விளக்கம். அதற்குப் போகும் பாதையில் துருக்கிக் கம்பளமும் நீலக் கண் மணியும் விற்கிறார்கள். ஒன்பது வயது மகள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இங்க எதுக்கு துருக்கிக் கொடி?"

1889 ஜூலையில் இஸ்தான்புலிலிருந்து எர்துருல் என்ற மரப் போர்க்கப்பல் கிளம்பியது. ஜப்பான் சக்கரவர்த்திக்கு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் பரிசுகளைக் கொண்டுபோக வேண்டும். அப்போதே பழைய கப்பல். கொழும்பு, சிங்கப்பூர் என்று நின்று நின்று யோகஹாமா சேரவே கிட்டத்தட்ட ஒரு வருஷம். அங்கே காலராவிலும் சிலரை இழந்தார்கள். சூறாவளிக் காலம், கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்று சொல்லியும் செப்டம்பர் 15-ம் தேதி கிளம்பிவிட்டார்கள். மறுநாள் இரவு இந்த முனையின் கீழே உள்ள பாறைகளில் மோதிக் கப்பல் உடைந்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தது 69 பேர்.

இருட்டில் பாறை ஏறி வந்தவர்கள் விளக்கின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். விளக்குக் காவலருக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை. நாடுகளின் கொடிகள் அச்சிட்ட புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவர்கள் பிறைக்கொடியைத் தொட்டுக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மீன் பிடித்துப் பிழைக்கும் சின்ன ஊர், செழிப்பெல்லாம் கிடையாது. அவசரத்துக்கு என்று வளர்த்த கோழிகளை அறுத்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோறு, துணி எல்லாம் கொடுத்தார்கள். விறைத்துப் போனவர்களைத் தங்கள் உடம்புச் சூட்டால் தேற்றினார்கள். சிகிச்சைக்கு எவ்வளவு ஆனது என்று துருக்கித் தரப்பு கேட்டபோது, பணம் வாங்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்று உள்ளூர் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பிழைத்தவர்களை ஹியேய், கொங்கோ என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் இஸ்தான்புல் வரை கொண்டுபோய் விட்டன.

இத்தனைக்கும் பிறகு இரு நாடுகளும் உடனே கைகோத்துக்கொண்டன என்று நினைத்தால், அதுதான் இல்லை. ஐரோப்பியர்களுக்கு ஓட்டோமன் அரசு கொடுத்திருந்த சலுகைகள் தனக்கும் வேண்டும் என்றது ஜப்பான். ஓட்டோமன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முறையான தூதரக உறவு வந்தது 1924-ல், குடியரசுத் துருக்கியோடு. அரசாங்கங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த அந்த 34 வருஷமும் கல்லறையைப் பார்த்துக்கொண்டது இந்த ஊர்தான். இப்போது நிற்கும் உயரமான நினைவுத்தூண் 1937-ல் துருக்கி கட்டியது.

பக்கத்திலுள்ள துருக்கி நினைவு அருங்காட்சியகத்தில் கப்பலின் மாதிரி, கடலடியிலிருந்து எடுத்த பொருட்கள் எல்லாம் இருக்கின்றன. நான் மகளுக்குச் சொன்னது 1985 கதை. ஈரான்-ஈராக் போர். மார்ச் 17-ம் தேதி, 48 மணி நேரத்துக்குப் பிறகு ஈரான் வானத்தில் பறக்கும் எந்த விமானத்தையும் சுடுவோம் என்று சதாம் உசேன் அறிவித்துவிட்டார். டெஹ்ரானில் இருந்த ஜப்பானியர்களுக்குச் சொந்த நாட்டு விமானம் வரவில்லை. கெடு முடிவதற்குள் 19-ம் தேதி இரண்டு துருக்கி விமானங்கள் 215 ஜப்பானியர்களை ஏற்றிக்கொண்டு பறந்தன. அங்கிருந்த துருக்கியர் பலர் சாலை வழியாக ஊருக்குப் போனார்கள்.

"அவங்க பிளேன்ல அவங்களே ஏறலையா? அவங்களுக்குக் கோபம் வரலையாப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எர்துருல் கடனைத்தான் தீர்த்தோம் என்று பிறகு துருக்கித் தரப்பில் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இஸ்தான்புலில் வேலை பார்த்த ஒரு ஜப்பானிய வர்த்தக அதிகாரி, தனக்குப் பழக்கமான பிரதமர் துர்குத் ஓசாலிடமே நேராகக் கேட்டார் என்பதும் இதில் உண்டு. 95 வருஷத்து நன்றி ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்தக் குரலை எடுக்கவும் ஒரு ஆள் வேண்டும். இதை மகளிடம் சொன்னபோது, "அப்போ போன் பண்ணினவரும் ஹீரோதான்" என்றாள்.

1999-ல் துருக்கியில் பூகம்பம் வந்தபோது ஜப்பான் உதவியது. 2011-ல் துருக்கி மீட்புக் குழு ஜப்பான் வந்தது. 2023-ல் மறுபடி ஜப்பானியர்கள் அங்கே போனார்கள். கல்லறையைச் சுத்தம் செய்வது ஓஷிமாப் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கம். நாங்கள் போன அன்று பிள்ளைகள் யாரும் இல்லை. ஆனால் படிக்கட்டில் ஒரு சருகுகூட இல்லை.

போகிறவர்களுக்கு: தீவுக்குப் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடிக்கும், தொப்பி நிற்காது. இரு நாடுகளும் சேர்ந்து 2015-ல் எடுத்த படத்தில் இந்த இரண்டு கதையும் வருகிறது. கப்பல் உடையும் காட்சி சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டம். பத்து வயசுக்கு மேல் என்றால் காட்டலாம்.