காலிஃப் தெருவில் ஆப்பிரிக்க மீன்கள்

கொல்கத்தாவில் வாழும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் காணவேண்டிய இடம், ஷியாம்பஜாருக்கு அணித்தேயுள்ள காலிஃப் தெருச் சந்தை. செடி கொடிகளோடு வண்ண மீன்களும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. குழந்தைகளின் விருப்பத்திற்கிணங்கி நாமும் சென்ற மாதம் சென்றிருந்தோம். மஞ்சளும் நீலமுமாய் மின்னிய சிக்லிட் மீன்கள் நம் கருத்தைக் கவர்ந்தன.

இவற்றின் பூர்விகம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அவ்வேரி நீர் காரத்தன்மை உடையது. ஆதலின் தொட்டி நீரின் பி.எச். அளவு 7.8 முதல் 8.6 வரையிலும், வெப்பம் 24 முதல் 28 பாகை வரையிலும் இருத்தல் வேண்டும். சிப்பித் தூள் கலந்த மணல் இதற்குத் துணைசெய்யும். மணலைத் தோண்டுவது இம்மீன்களின் இயல்பு. எனவே கற்களை அடித்தளத்தில் உறுதியாக அமைத்த பின்னரே மணலைப் பரப்புதல் வேண்டும். சிறிது மீனுணவு இட்டு வடிகட்டியைச் சில வாரங்கள் ஓடவிட்டால் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகும். அதற்குமுன் மீனை விடின், அதன் கழிவில் எழும் அம்மோனியாவே அதனைக் கொன்றுவிடும்.

தாய் மீன் முட்டைகளை வாயில் ஏந்தி, ஏறத்தாழ மூன்று வாரம் உணவின்றிக் காக்கும் இனம் இது. அத்தகைய உயிரை வாங்கிவந்து மடியவிட மனமின்றி, குழந்தைகளின் கண்ணீரையும் பொருட்படுத்தாது, அன்று வெறுங்கையுடன் திரும்பினோம். தொட்டியில் இப்போது நீரும் கல்லும் மட்டுமே உள்ளன. குழந்தைகள் நாட்காட்டியைப் பார்த்து நாளெண்ணுகின்றனர். அன்பர்களே, முதலில் நீரை ஆயத்தம் செய்யுங்கள். மீனைப் பின்னர் வாங்கலாம்.